அப்பாவும் மாமாவும் கல்லாய் நின்ற நாள்

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, பீரோவிலிருந்து ஒரு போர்வை எடுத்துவரச் சொன்னாள் அம்மா. போர்வைக்கு அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று கையில் தட்டுப்பட்டது. பிரிக்காமலே அது என்னவென்று தெரிந்துவிட்டது. இருபது வருடங்களுக்கு மேல் ஆகியும் அதன் கனத்தைக் கை மறக்கவில்லை. 

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சாம்பல் நிற விளையாட்டுப் பெட்டி. இரண்டு பென்சில் செல் போட்டால் ஓடும். அதன் முதுகில் செருகியிருந்த அட்டையில், உலகம் முழுக்கப் பெயர் பெற்ற ஒரு விளையாட்டு வரிசையின் இரண்டாம் பாகம் இருந்தது. சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு அல்ல. நான்கு பேரைச் சேர்த்து ஒரு கூட்டமாக்கி, ஊர் ஊராக நடத்திக் கூட்டிப்போக வேண்டும். எதிர்ப்படுகிறவர்களிடம் பேச வேண்டும். குகைகளுக்குள் நுழைந்து, வருகிற பூதங்களோடு சண்டை போட்டுப் பலம் சேர்க்க வேண்டும். அந்த வரிசை இப்போது பத்துப் பாகங்களைத் தாண்டிவிட்டது. புதிதாக வருகிறவற்றைப் பெங்களூரில் என் வீட்டுப் பெரிய டிவியில் ஆடுகிறேன். அவற்றில் ராட்சதன் வாயைத் திறந்தால் பல்லிடுக்கில் சிக்கிய இறைச்சிகூடத் தெரிகிறது. எனக்கு ஒரு பயமும் வருவதில்லை. எறும்பளவு பொம்மைகள் நடந்துபோகும் இந்த இரண்டாம் பாகத்தைக் கண்டால்தான் இன்றும் பயமாக இருக்கிறது.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அவருக்கு விவரம் தெரிவதற்குள் அவர்களுடைய தாயார் போய்விட்டதால், அம்மா கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசையோடு தம்பியையும் கூட்டி வந்தாள் என்று அப்பா கேலி செய்வார். அம்மா சோறு ஊட்டி வளர்த்த தம்பி. பிளஸ் ஒன் பாதியில் பெங்களூருக்கு ஓடிப்போய், செல்போன் பழுதுபார்க்கும் கடையில் சில மாதங்கள் இருந்துவிட்டு, இந்தப் பெட்டியையும் இளைத்த உடம்பையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். இனி இவன் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போகக்கூடாது என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். அப்பா ஒரு பழைய லாரி வைத்துக்கொண்டு, பாலக்கோடு மண்டியிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். மாமாவை அதில் கிளீனராக ஏற்றிவிட்டது அம்மாதான்.

பெட்டியை முதன்முதலில் முடுக்கியபோது அது கேட்ட முதல் கேள்வி, நால்வருடைய பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நான்கே நான்கு ஆங்கில எழுத்துகளுக்குத்தான் இடம் இருந்தது. வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் சினிமா நடிகர்களின் பெயரைப் போட்டிருப்பார்கள். எனக்கு என் வீட்டாரைத்தான் போடத் தோன்றியது. ஆனால் எங்கள் வீட்டில் பெரியவர்களை யாரும் பெயர் சொல்வதில்லை. அம்மா அப்பாவை 'ஏனுங்க' என்பாள். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால், என்னை முன்னால் தள்ளி 'நீ சொல்லு' என்று தலையைக் குனிந்துகொள்வாள். அப்பாவின் பெயரை ஒரு மெஷினுக்குள் போடுவது எனக்கு மரியாதையாகப் படவில்லை. நல்லவேளையாக, அப்பா, அம்மா, மாமா என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஒவ்வொன்றும் கச்சிதமாக நான்கு எழுத்து. என்னை வீட்டில் பாப்பா என்பார்கள். அதுவும் நான்கு. எங்களுக்காகவே செய்த விளையாட்டு என்று மாமா சொன்னதை அப்படியே நம்பினேன்.

அப்பா கையில் வாள், மாமா கையில் வில். பாப்பா நெருப்பை வரவழைக்கும் மந்திரக்காரி. அம்மாவை வைத்தியக்காரியாக வைத்தோம். எனக்கு முழங்கால் சிராய்த்தாலும் மாமாவுக்குக் கை கிழிந்தாலும் மருந்து போடுகிறவள் அவள்தானே. விளையாட்டுக்குள் வருகிறவர்கள் பேசுவதெல்லாம் ஆங்கிலம். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். மாமா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நீளமாக வாசிப்பார். கடைசியில், "வடக்க போகச் சொல்றான் கண்ணு," என்பார். கிழவன், ராணி, கடைக்காரன், கிணற்றடியில் நிற்கும் சிறுமி, யாரிடம் பேசினாலும் வடக்கேதான் போகச் சொன்னார்கள். நாங்களும் போனோம். வியப்பு என்னவென்றால், பல தடவை அது சரியாகவும் இருந்தது.

சண்டையில் ஒருவர் செத்துவிட்டால் அவருடைய பொம்மை ஒரு சாம்பல் நிறக் கல்லாக மாறிவிடும். மற்றவர்கள் நடந்தால் அந்தக் கல்லும் பின்னாலேயே நகர்ந்து வரும். எங்கள் தக்காளிக் காட்டு ஓரத்தில் வேடியப்பன் கல் ஒன்று உண்டு. என்றைக்கோ சண்டையில் விழுந்த யாரோ ஒரு வீரனுக்கு நட்ட கல். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அதற்கு எண்ணெய் தடவி விளக்கு வைப்பாள். பெட்டிக்குள் வந்த கல்லும் அச்சு அசல் அதேபோல இருந்தது. கல்லானவரைத் திரும்ப எழுப்ப இரண்டு வழிகள் இருந்தன. எங்காவது ஊருக்குள் இருக்கும் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் கையில் ஒரு சின்னப் புட்டி இருக்க வேண்டும். அதற்கு மாமா தீர்த்தம் என்று பெயர் வைத்திருந்தார். ஒரு புட்டிக்கு ஒருவர்தான் எழுவார்.

இன்னொரு சட்டமும் மாமா கற்றுக்கொடுத்தார். நல்லதோ கெட்டதோ, ஒரு சண்டை முடிந்ததும் உடனே சேவ் செய்துவிட வேண்டும். செல் எப்போது தீரும் என்று தெரியாது, தீர்ந்தால் கரண்டில் செருகி ஓட்டவும் முடியாது. சேவ் செய்துவிட்டால் நடந்தது நடந்ததுதான், பழையபடி ஆக்க முடியாது. அதைப் பற்றி நாங்கள் இருவருமே யோசித்ததில்லை.

எனக்கு ஒன்பது வயது. அது ஒரு சனிக்கிழமை. விடியற்காலையிலிருந்தே மழை நசநசவென்று தூறிக்கொண்டிருந்தது. தக்காளி லோடோடு அப்பாவும் மாமாவும் கிளம்பினார்கள். சேலத்தில் இறக்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவதாகப் பேச்சு. வண்டியில் ஏறும்போது மாமா என்னிடம், "அந்தக் கருப்புக் குகைக்கு மட்டும் நான் இல்லாம போவாத, கண்ணு," என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் வண்டிச் சத்தம் தெருமுனையில் மறைந்ததும் நான் நேராகக் கருப்புக் குகைக்குக் கிளம்பினேன். குகை வாசலை எட்டியபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது, செல்லும் தீர்ந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றையும் டார்ச்சிலிருந்து ஒன்றையும் கழற்றிப் போட்டுக்கொண்டேன். அந்தப் பெட்டியின் திரையில் விளக்கு கிடையாது என்பதால், வாசற்படியில் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வேண்டியிருந்தது.

குகைக்குள் கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். கையில் சம்மட்டியோடு ஒரு பூதம் வழியை மறித்தது. அது அடித்த முதல் அடியிலேயே வாள் வைத்திருந்த அப்பா விழுந்துவிட்டார். நான் பதறிப்போய்க் கத்தினேன்.

"அம்மா! அப்பா செத்துட்டாரு!"

பின்கட்டில் மாவாட்டிக்கொண்டிருந்த அம்மா, முழங்கை வரை மாவோடு ஓடி வந்தாள். அவள் முகம் அப்படி ஆகி அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விஷயம் புரிந்தது. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"வண்டியேறிப் போன மனுசனப் பத்தி என்ன பேச்சுப் பேசற நீ? போ, வாயக் கழுவு போ!"

கழுவினேன். நான் கொப்பளித்துத் துப்பும்வரை பக்கத்திலேயே நின்று, காட்டுப் பக்கம் திரும்பி, "வேடியப்பா, புள்ள தெரியாம சொல்லிருச்சு," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சட்டையில் அவள் கை மாவு அப்பியிருந்தது. அடி வலிக்கவில்லை. நான் சொன்ன சொல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டியிருக்கிறது என்பதுதான் பயமாக இருந்தது.

இந்த விளையாட்டில் நாம் அடுத்த ஆணை கொடுக்கும்வரை பூதம் அப்படியே காத்திருக்கும். திரும்பி வந்தபோதும் சம்மட்டியோடு நின்றுகொண்டிருந்தது. அடுத்த அடியில் மாமா விழுந்தார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. பாப்பாவின் நெருப்பில் எப்படியோ பூதம் செத்து ஒழிந்தது. சண்டை முடிந்தது, பழக்க தோஷத்தில் கை தானாகப் போய் சேவ் செய்துவிட்டது. திரையில் முன்னால் பாப்பா, அவளுக்குப் பின்னால் அம்மா, அவளுக்கும் பின்னால் இரண்டு கற்கள்.

மதியம் ஆயிற்று. வண்டி வரவில்லை. அம்மா சோற்றை இறக்கி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து. மறுபடி ஏதோ வேலையாகப் போய்விட்டு வந்து பார்த்தாள். அப்போதும் பதினொன்று பத்து.

"இதென்ன, கடியாரம் நின்னு போயிருக்குது?" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. கடிகாரம் நிற்பதை அம்மா செல் தீர்ந்ததாக மட்டும் எடுத்துக்கொள்கிறவள் அல்ல. அதன் செல் இருந்த பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் எதிர்வீட்டு டீச்சர் சேலத்துப் பஸ்ஸிலிருந்து இறங்கி, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். குடையை மடக்காமலே நின்றார்.

"அக்கா, உங்க வண்டி வந்துருச்சுங்களா?"

"இன்னும் வல்லீங்களே, டீச்சர். ஏனுங்க?"

"ஒண்ணுமில்லீங்க. தொப்பூர் எறக்கத்துல ஒரு தக்காளி லாரி கவுந்து கெடக்குது. ரோடெல்லாம் தக்காளி. பஸ்ஸுங்க எல்லாம் அப்படியே நின்னு போச்சு."

அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "எந்த வண்டிங்க?"

"குப்புற கெடந்துச்சுக்கா, நம்பரு தெரியல. ரெண்டு பேரு இருந்தாங்களாம். ஒருத்தர ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க." டீச்சர் என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தரு அங்கயே முடிஞ்சு போய்ட்டாராம்."

எந்தப் பக்கத்து ஆள், வயசானவரா, சின்னப் பையனா என்று அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் டீச்சருக்கு ஏதாவது தெரிந்திருக்கலாம். தன் வீட்டுக்காரரைப் பைக்கில் தொப்பூருக்கு அனுப்புவதாகச் சொல்லி, "மாதா பாத்துக்குவாங்கக்கா," என்று சிலுவை போட்டுக்கொண்டு டீச்சர் எதிர்வீட்டுக்கு ஓடினார். அம்மா போனை எடுத்து அப்பாவின் செல்லுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் சொன்னாள். மறுபடி அடித்தாள். அந்தப் பெண் அதே பொறுமையோடு அதையே சொன்னாள். 

பிறகு அம்மா ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்து மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கினாள். வேண்டுதலுக்குக் காசு முடிவது எங்கள் வீட்டில் புதிதல்ல. எனக்குக் காய்ச்சல் வந்தபோதும், மாமா பெங்களூருக்கு ஓடிப்போனபோதும் முடிந்திருக்கிறாள். அப்போதெல்லாம் காசைத் துணியில் வைத்துக்கொண்டு, இன்னாருக்கு இன்ன குறை தீர வேண்டும் என்று சாமியிடம் வாய்விட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லுவாள். அன்றைக்கு முடிச்சு விழாமல் நழுவியது. நான் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். "வேடியப்பா," என்று ஆரம்பித்தாள். "அவர..." என்றாள். நிறுத்திவிட்டாள். "என் தம்பிய..." என்றாள். அதையும் நிறுத்திவிட்டாள். வாயை இறுக மூடிக்கொண்டு, சொல்லாமலே முடிச்சைப் போட்டாள். பாதியில் விட்ட வேண்டுதல் பலிக்குமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அம்மா பயத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பயம் எனக்கும்தான். ஆனால் என் பயத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. காலையில் நான்தான் அப்பாவைக் கொன்றேன், வாயாலும் சொன்னேன். அதன்பின் மாமாவையும் கொன்றேன். இரண்டையும் சேவ் செய்து உறுதிப்படுத்தியிருக்கிறேன். தொப்பூரில் நடந்தது பெட்டிக்குள் நடந்ததன் மீதிதான். ஆகவே பெட்டிக்குள் சரிசெய்தால் வெளியிலும் சரியாகிவிடும். பையில் தீர்த்தம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. ஒரே ஒரு புட்டி.

டீச்சர் சொன்ன கணக்கும் அதுவேதான். ஒருவர் ஆஸ்பத்திரியில், ஒருவர் முடிந்துவிட்டார். யார் எதில் என்பது இன்னும் தீர்மானமாகவில்லை, அது என் கட்டைவிரலில் இருக்கிறது.  அப்பாவின் பெயரில் அம்புக்குறியை வைத்தேன். மாமா ஞாபகம் வந்தது. மாமாவின் பெயருக்கு நகர்த்தினேன். அப்பா ஞாபகம் வந்தது. இது பெரியவர்கள் முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்று பட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

"அம்மா, தீர்த்தம் ஒண்ணுதாம்மா இருக்குது. அப்பாவ எழுப்பட்டுமா, மாமாவ எழுப்பட்டுமா?"

இன்னொரு அடி விழும் என்று முதுகைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். விழவில்லை. அம்மா என்னையே பார்த்தாள்.  பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, அதுவரை தொட்டே பார்த்திராத அந்தப் பெட்டியைக் கை நீட்டி வாங்கினாள். வெளிச்சம் படும்படி சாய்த்துப் பிடித்தாள்.

"இதுல யாரு யாரு?"

"முன்னால நிக்கறது நானு. எனக்குப் பின்னால நீ. அந்தக் கல்லு அப்பா, அதுக்கடுத்த கல்லு மாமா."

"நான் நல்லாத்தான் இருக்கறனா?"

"ஆமா. உனக்கு அடியே படல."

அம்மா தன் பொம்மையை விரல் நுனியால் தொட்டாள். சிவப்புப் பாவாடை கட்டிய எறும்பு ஒன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தது.

"ஏங்கண்ணு," என்றாள். குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. அம்மா என்னிடம் கெஞ்சியதே இல்லை. "இவ போயி அங்க கல்லா நின்னுக்கட்டும். அவங்க ரெண்டு பேரையும் இந்தப் பக்கம் கொண்டாந்துரு. அப்படி முடியாதா?"

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இத்தனை அவசரத்தில் சட்டம் தெரியாமல் பேசுகிறாளே.

"அப்படியெல்லாம் இதுல கெடையாதும்மா."

"நல்லாப் பாரு கண்ணு. எங்கியாச்சும் இருக்கும்."

"இல்லம்மா. அம்மாவுக்குக் காயத்துக்கு மருந்து போட மட்டுந்தான் தெரியும்."

 அம்மா பெட்டியைத் திருப்பித் தரவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மழை விட்டிருந்தது. செல் எவ்வளவு மீதி என்று காட்டும் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று பெட்டியின் ஓரத்தில் உண்டு; அவள் விரலிடுக்கு வழியாக அது மங்கிக்கொண்டே வருவது எனக்குத் தெரிந்தது.

பள்ளிக்கூடம் விடும் நேரம் இருக்கும். தெரு திருப்பத்தில் அப்பா வந்தார். நடந்து வந்தார், தனியாக. சட்டையெல்லாம் சிவப்பு. அம்மா எழுந்து நின்றாள். நான் ஓடவில்லை, அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கிட்டே வரவர அவள் மூச்சு விடும் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. "அவன்?" என்றாள். அப்பா கையைப் பின்னால் காட்டினார். அடிபம்பில் முகம் கழுவிக்கொண்டிருந்த மாமா அப்போதுதான் திருப்பத்தில் தெரிந்தார்.

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டி கையிலிருந்து உருண்டது.

கவிழ்ந்தது எங்கள் வண்டி அல்ல, எங்களுக்கு முன்னால் போன வண்டி. அதிலிருந்து பறந்து வந்த தக்காளிப் பெட்டி அடித்து எங்கள் வண்டியின் கண்ணாடி நொறுங்கியிருந்தது. அப்பாவும் மாமாவும் இறங்கி ஓடி, உள்ளே சிக்கியிருந்த டிரைவரை இழுத்தெடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பிறகு வண்டியைத் தருமபுரியில் ஒரு பட்டறையில் விட்டுவிட்டு பஸ் பிடித்திருக்கிறார்கள்; டீச்சரின் வீட்டுக்காரர் தேடிப் போனபோது இவர்கள் தொப்பூரில் இல்லை. அந்த அமளியில் அப்பாவின் போன் நசுங்கிவிட்டது. "ஒரு பூத்துல இருந்தாவது பேசக் கூடாதுங்களா?" என்று அம்மா கேட்டாள். "வூட்டு நம்பரு போனுக்குள்ளதான் இருந்துச்சு, என் மண்டையில இல்லயே," என்றார் அப்பா. வேறொரு நாளாக இருந்தால் அதற்குச் சிரித்திருப்போம். முடிந்துபோனவர் அந்த வண்டியின் கிளீனர், மாமாவின் வயதுதான். காலையில் தொப்பூர்க் கடையில் இருவரும் ஒன்றாக டீ குடித்திருக்கிறார்கள். மாமா அதைச் சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளையாக அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதார். அம்மா ஈரத் தலையைத் துவட்டிவிட்டாள். அவள் அழவில்லை. "ரெண்டு பேரும் தலைக்கு ஊத்திக்கிட்டு வாங்க, சோறு ஆறிப் போச்சு," என்றாள்.

எல்லோருக்கும் பயம் தீர்ந்தது. எனக்கு மட்டும் அப்போதுதான் பெரிய பயம் ஆரம்பித்தது. கீழே கிடந்த பெட்டியை எடுத்துப் பார்த்தேன். மங்கலான திரையில் இரண்டு கற்களும் அப்படியே நின்றன. நான் யாரையும் எழுப்பவில்லை, தீர்த்தம் பையிலேயே இருக்கிறது. அப்படியானால் இப்போது கொல்லையில் குளித்துக்கொண்டிருக்கிறவர்கள் யார்?

பேய்க்குக் கால் தரையில் படாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது நான் இலையைப் பார்க்காமல் அவர்கள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத் தரையில் பட்டிருந்தன. மாமாவின் கால் விரலிடுக்கில், குளித்த பிறகும் போகாமல், தக்காளி விதைகள் ஒட்டியிருந்தன. பேயின் காலில் தக்காளி விதை ஒட்டாது என்று ஒரு வழியாக முடிவுக்கு வந்தேன். இருந்தாலும் பல நாள் அப்பா தூக்க வந்தால் ஒதுங்கி ஓடினேன். பிள்ளை மிரண்டுபோயிருக்கிறது என்று எனக்கு மந்திரித்தார்கள்.

மறுவாரம் மாமா, "கேம் எங்க, கண்ணு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "அது எங்கியோ காணம். அன்னிக்கே தொலஞ்சு போச்சு," என்றாள். என் கண்ணெதிரே அதைச் செல் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துப்போனவள் அவள். எனக்கு நிம்மதியாக இருந்தது. செல்லைக் கொண்டுபோய்க் கடிகாரத்தில் போட்டேன். கொஞ்ச நாள் அது மெதுவாகவே ஓடியது.

போன மாதம் அந்தத் துணியைப் பிரித்தபோது, பெட்டியோடு அதே காசு முடிச்சும் இருந்தது. கடையில் புது செல் வாங்கிவந்தேன். போடுவதற்கு முன் அப்பாவுக்குப் போன் செய்தேன். "மடை திருப்பிட்டு இருக்கறன். ஏன் பாப்பா?" என்றார். சும்மாதான் என்றேன். பாலக்கோடு மண்டியில் கடை வைத்திருக்கும் மாமாவுக்கும் போன் செய்தேன். நான் பொறியியல் படித்தவள், அந்த அட்டைக்குள் ஒரு சில்லும் ஒரு பொத்தான் பேட்டரியும் தவிர வேறொன்றும் இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் இருவர் குரலையும் கேட்ட பிறகுதான் முடுக்கினேன்.

பேட்டரி சாகவில்லை. கருப்புக் குகை, பாப்பா, அம்மா, இரண்டு கற்கள். இருபது வருடங்களாகப் பீரோவுக்குள் அவர்கள் அங்கேயே நின்றிருக்கிறார்கள்.

தீர்த்தம் இருந்தது. இந்த வயதிலும் அம்புக்குறியை யார் பெயரிலும் அழுத்த முடியவில்லை. பாப்பாவையும் அம்மாவையும் மட்டும் நடத்திக்கொண்டு, குகையை விட்டு வெளியேறிக் கோயிலுக்குப் போவது என்று முடிவு செய்தேன். சின்னச் சின்னப் பூதங்களாகப் பார்த்துச் சண்டை போட்டேன். இப்போது ஆங்கிலம் தெரியும் என்பதால் வழியில் நின்ற ஒரு கிழவனிடம் பேசிப் பார்த்தேன். அவன் தன் ஆட்டைக் காணவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தான். அந்த நாளில் மாமா அதற்கும் வடக்கேதான் போகச் சொல்லியிருந்தார்.

ஒரு சண்டையின் முடிவில் இசை மாறியது. அம்மாவின் லெவல் ஏறியிருந்தது, புதிதாக ஒரு மந்திரம் கற்றுக்கொண்டாள் என்று திரை சொன்னது. பெயரைப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் காலத்துப் பெட்டியில் விளக்கமெல்லாம் கிடையாது. கைபேசியில் தேடினேன். யாரோ ஒரு ரசிகர் பொறுமையாக எழுதி வைத்திருந்தார். வைத்தியக்காரி தன் உயிரை விடுவாள், கூட்டத்தில் விழுந்துகிடக்கும் மற்ற எல்லோரும் முழுப் பலத்தோடு எழுந்துகொள்வார்கள். பெரும்பாலும் யாரும் இதைப் பயன்படுத்துவதில்லை என்றும் கீழே ஒரு குறிப்பு இருந்தது.

டீ கொண்டுவந்த அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கல்லு ரெண்டும் இன்னும் அப்படியேதான் நிக்குதா?"

"ஆமாம்மா."

"வழி எதாச்சும் கெடச்சுதா?"

"கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா எழுப்பிரலாம்மா. கொஞ்சம் தூரமா இருக்குது."

"பொறுமையா போ," என்றாள். டம்ளரை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் அந்த மந்திரத்தின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கியாச்சும் இருக்கும், நல்லாப் பாரு என்று அன்றைக்கு அவள் சொன்னாள். சட்டம் தெரியாதவள் என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். பெட்டிக்குள் இருந்த அம்மாவுக்குத்தான் அது அப்போது தெரியாது. வாசற்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது புரியவில்லை. செல் தீரப்போகிறது, அம்மா பெட்டியைத் தரமாட்டேன் என்கிறாளே என்றுதான் நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.